ஆளில்லாப் படத்தின் வரலாறு

நம் இல்லத்துக் கூடத்திலே ஒரு மலைப்படம் மாட்டப்பட்டிருக்கிறது. உள்ளங்கையளவே இருந்த பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்றைப் பெரிதாக்கிச் சட்டமிட்டது அது. முன்புறத்தில் வெட்டவெளி, அதன் ஓரத்தில் இரண்டு பனைகள், பின்னே திருத்தணி மலை. உச்சியிலுள்ள முருகன் கோயில் ஒரு புள்ளியளவே தெரிகிறது. மனிதர் எவரும் படத்தில் இல்லை. ஆடு மாடு கூட இல்லை.

இதைப் பிடித்தவர் நம் பெரியத்தா. ஆண்டு 1962. துணி வியாபாரத்தின் பொருட்டு அரக்கோணம், திருத்தணி, நகரி, புத்தூர் என்று இரயிலில் ஓயாமல் அலைந்தவர் அவர். நண்பரிடம் இரவல் வாங்கிய பெட்டிக் காமிரா; அதில் பன்னிரண்டு படங்கள் பிடிக்கத்தக்க சுருள் ஒன்று. பதினொரு படங்களில் வீட்டாரும் உறவினரும் இருந்தனர். பன்னிரண்டாவதில் இந்த மலை இருந்தது. கழுவி வந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்த பாட்டியார் கடைசிப் படத்தைக் கண்டதும், "ஆளில்லாத படத்துக்கு எதுக்குத் தம்பி காசு? மலை எங்கே ஓடிப்போகுது?" என்று கேட்டாராம். பெரியத்தா பதில் சொல்லவில்லை. படம் தகரப் பெட்டிக்குள் பத்திரங்களோடு போய்ச் சேர்ந்தது. நாற்பது ஆண்டுகள் அதை எவரும் எடுத்துப் பார்க்கவில்லை.

இன்றோ, அந்தப் பன்னிரண்டில் கூடத்துச் சுவரில் இடம் பெற்றிருப்பது அது ஒன்றுதான். அன்று காசுக்குக் கேடென்று கருதப்பட்ட படம் இன்று குடும்பத்தின் செல்வமாகிவிட்டது. படம் மாறவில்லை. பார்த்த கண்கள் மாறின. இம்மாற்றம் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. நிலக்காட்சியைப் படமாக்கும் கலை தோன்றிய நாள் முதல், உலகெங்கும் மக்கள் அதனைப் பார்த்த பார்வை பன்முறை மாறியிருக்கிறது. அவ்வரலாற்றைத் தணிகை மலையின் அடிவாரத்திலிருந்தே நோக்குவோம்.

கண்ணும் கருத்தும்

பார்வையைப் பற்றிப் பேசுமிடத்து முதலில் நினைக்கத்தக்கவர் இப்னுல் ஹைதம். பஸராவிலே பிறந்து கெய்ரோவிலே வாழ்ந்து, சுமார் 1040-இல் மறைந்த அப்பேரறிஞர் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் பெருநூலை ஏழு பகுதிகளாக யாத்தார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தீண்டுகிறது என்று பண்டையோர் பலர் எண்ணியிருந்தனர். ஒளியே பொருளிலிருந்து கண்ணை வந்தடைகிறது என்று அவர் நிறுவினார். இருட்டறையின் சிறு துளை வழியே புகும் ஒளி எதிர்ச்சுவரில் வெளியுலகின் பிம்பத்தை வீழ்த்துவதையும் ஆராய்ந்தார். காமிரா என்னும் சொல்லே அறை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதை அறிவோமாயின், இன்று நம் கைக்குள் அடங்கும் கருவிக்கும் அந்த இருட்டறைக்கும் உள்ள உறவு விளங்கும்.

இப்னுல் ஹைதம் வேறொன்றும் கூறினார். காணுதல் கண்ணோடு முடிவதில்லை. முன்பு கண்டவற்றின் நினைவும், ஒப்புநோக்கும் அறிவும், தீர்ப்பும் சேர்ந்தே ஒரு பொருளை இன்னதென்று அறிகிறோம் என்பது அவர் கொள்கை. ஒரே மலையை வணிகனும் பக்தனும் நில அளவைக்காரனும் வெவ்வேறாகக் காண்பதன் காரணம் இதுவேயன்றோ?

படம் வருமுன் இருந்த மலை

திருத்தணியைச் சூழ வாழ்ந்தோர் காமிரா வருமுன்னரே தம் மலைகளைப் படம் பிடித்துத்தான் வைத்திருந்தனர். அவர்கள் பிடித்தது சொல்லிலே. கோயில் மலைக்கு இருபுறமும் நிற்கும் குன்றுகளில் வடக்கிலுள்ளது வெண்மை படர்ந்தது. அதனைப் பச்சரிசி மலை என்றனர். தெற்கிலுள்ளது கருமை படர்ந்தது. அதனைப் பிண்ணாக்கு மலை என்றனர். அரிசியையும் செக்கையும் அன்றாடம் கண்ட உழவர்களின் கண் மலைக்குச் சூட்டிய பெயர்கள் இவை. அடுக்களையையும் தொழுவத்தையும் கொண்டே அவர்கள் மலையின் நிறத்தை அறிந்தார்கள்.

திருத்தணிக்கு வடக்கே எழும் நகரி மலைத்தொடரைக் கடலோடிகள் வேறு விதமாகக் கண்டனர். அதன் உயர்ந்த சிகரம் சுமார் 2,800 அடி. மனித மூக்கைப் போன்று தோன்றுவதால் ஆங்கிலேய மாலுமிகள் அதனை நகரி மூக்கு என்றே அழைத்தனர். வங்கக் கடலில் சென்னைத் துறையை நாடி வரும் கப்பல்களுக்குத் தட்டையான கரை புலப்படுமுன்னரே இச்சிகரம் புலப்படும். உழவனுக்கு மழை மேகத்தைத் தடுத்து நிறுத்தும் சுவராக இருந்த அதே மலை, கப்பலோட்டிக்குத் திசைகாட்டியாய் இருந்தது. கடல் வணிகத்தில் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்ட நம் மரக்காயர் குடும்பங்களுக்கு, கரையோர மலையும் மினாராவும் எத்துணை நெருக்கமானவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவை அழகுக்காகப் பார்க்கப்பட்டவை அல்ல. உயிர் பிழைத்துக் கரை சேரும் பொருட்டுப் பார்க்கப்பட்டவை.

தமிழ் இலக்கியமோ மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்று வகுத்து, நிலத்தை மனித ஒழுக்கத்தோடு பிணைத்தது. ஆளில்லாத நிலம் நம் பழம்புலவர்க்கு இல்லை. உமறுப்புலவரும் அம்மரபிலே நின்றே சீறாப்புராணத்தில் நாட்டுப் படலமும் நகரப் படலமும் பாடினார். அவர் காட்டும் அரபு நாட்டிலே மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. அரபு மண்ணைக் கண்ணால் காணாத தமிழ் முஸ்லிமுக்கு, அந்த மண்ணைத் தன் மருத நிலமாகவே புலவர் காட்டினார். இதனைப் பிழை என்பது பேதைமை. கேட்போரின் உள்ளத்திலே அந்நாடு அன்புக்குரிய நாடாக வளர்வதற்கு அப்படித்தான் பாடியாக வேண்டும். பின்னர் மக்காவின் நிழற்படங்கள் வந்தபோது இக்காட்சிக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சற்றுப் பின்னே காண்போம்.

ஆவணமாக வந்த படம்

தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் இரு ஆங்கில ஓவியர் 1792-இல் தென்னகம் வந்து குமரி வரை சென்றனர். இருட்டறைத் தத்துவத்தில் அமைந்த பெட்டியின் துணையால் மலைகளையும் கோட்டைகளையும் கோயில்களையும் பள்ளிவாசல்களையும் வரைந்து சென்றனர். 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளிவந்த 144 அச்சோவியங்களின் வாயிலாகவே இந்திய நிலக்காட்சி ஐரோப்பியர் உள்ளத்தில் பதிந்தது. அவர்களுக்கு அது விந்தை நாடு. அதே காலத்தில் வேறொரு பார்வையும் வந்து சேர்ந்தது. 1802-இல் பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கியபோது, தென்னாட்டின் குன்றுகளெல்லாம் முக்கோணத்தின் மூலைகளாயின. மலை அளக்கப்படும் பொருளாயிற்று.

1839-இல் பாரிஸ் நகரில் டாகரின் கண்டுபிடிப்பு உலகறிய வெளியிடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் பிடித்த ஒரு வீதிப் படம் புகழ்பெற்றது. போக்குவரத்து மிகுந்த வீதி அது. ஆயினும் படத்திலே வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. தகட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்டமையால், நடந்தவர்களும் வண்டிகளும் பதியவில்லை. மிதியடியைத் துடைக்கக் கொடுத்துவிட்டு அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். ஆளில்லாப் படம் என்பது முதலில் எவரும் விரும்பித் தேர்ந்ததன்று. கருவியின் இயலாமையால் நேர்ந்தது. மலையும் கோபுரமும் அசையாதவை. ஆதலால் அவையே தொடக்க காலக் காமிராவுக்கு உகந்தவையாயின.

சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளியில் நிழற்படக் கலை கற்பிக்கப்பட்டது. 1856-57-இல் சென்னை நிழற்படச் சங்கமும் உருவாயிற்று. அக்காலத்தில்தான் சென்னை மாகாண அரசு லின்னியஸ் டிரைப் என்னும் படை அதிகாரியை அரசாங்க நிழற்படக்காரராக நியமித்தது. அவர் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு இராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிப் பெரும் படங்கள் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாகப் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். எந்த வேலைக்காக அவர் அனுப்பப்பட்டார் என்பதை இச்சுருளே காட்டும். அரசுக்கு வேண்டியது அழகன்று, ஆவணம்.

ஆனால் அந்த ஆவணமும் நெடுநாள் வேண்டியதாக இருக்கவில்லை. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அரசின் நிதி நிலைமைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதி அப்பணியை நிறுத்திவிட்டார். நம் பாட்டியார் 1962-இல் கேட்ட கேள்வியை நூறாண்டுகளுக்கு முன் ஆளுநரே கேட்டிருக்கிறார் எனலாம்! இன்று டிரைப்பின் படங்கள் அருங்காட்சியகங்களில் பெரும் கலைச் செல்வங்களாகப் போற்றப்படுகின்றன. ஆடம்பரம் என்று தள்ளப்பட்டது வரலாற்றுச் சான்றாகி, சான்று கலையாகிவிட்டது. மூன்று பெயர்களும் ஒரே தாளுக்கு.

விலைக்கு வந்த இயற்கை

1863-இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன் வேறு வகையினர். அவருக்கு அரசு ஊதியம் இல்லை; படத்தை விற்றே வாழவேண்டும். அக்காலத்து முறையில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன்னரே படம் பிடித்து, உலருமுன்னரே கழுவியாக வேண்டும். எனவே இருட்டுக் கூடாரமும் தகடுகளும் மருந்துப் புட்டிகளும் எப்போதும் உடன் செல்லும். அத்தனையையும் சுமையாட்கள் தலையில் ஏற்றி, 1866-இல் இமயத்தின் 18,600 அடி உயரமுள்ள மனிரங் கணவாயிலும் அவர் படம் பிடித்தார். 1860-களின் இறுதியில் நீலகிரிக்கும் வந்தார். உதகை ஏரியும் மரங்களும் வளைந்த பாதையும் இங்கிலாந்து நாட்டுப்புறத்தையே நினைவூட்டும் வண்ணம் அவருடைய படங்களில் அமைந்தன. வாங்கியோர் பெரும்பாலும் ஆங்கிலேயர். தாயகத்து உறவினர்க்கு, நாம் வாழுமிடம் இத்தகையது என்று காட்ட அவர்களுக்கு அப்படங்கள் பயன்பட்டன. சுமை தூக்கி மலையேறிய கூலிகளின் பெயர்கள் படங்களின் கீழ் இல்லை.

அடுத்த பத்தாண்டில் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. திருத்தணி அடங்கியிருந்த வட ஆர்க்காடு மாவட்டமும் அதில் வாடியது. வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் படை அதிகாரி, எலும்புந் தோலுமாய் அமர்ந்திருந்த மக்களைப் படம் பிடித்தார். ஒரே மாகாணம், ஏறக்குறைய ஒரே காலம், ஒரே வகைக் கருவி. ஒரு தொகுப்பிலே ஏரியும் மலர்வனமும்; மற்றொன்றிலே பசியால் இறந்துகொண்டிருக்கும் மனிதர். அழகிய மலைப்படத்தைப் பார்க்கும்போது, படத்தின் விளிம்புக்கு வெளியே யார் நின்றனர் என்று கேட்கும் வழக்கம் அன்று இல்லை. இன்றைய வரலாற்றறிஞர் அக்கேள்வியைக் கேட்கின்றனர். பார்வை மாற்றத்தில் இது மிகப் பெரிய மாற்றம் என்பது நம் கருத்து.

அமெரிக்காவிலோ மலைப்படம் சட்டத்துக்கே துணை நின்றது. கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-இல் பிடித்த யோசமிட்டிப் பள்ளத்தாக்கின் படங்கள், 1864-இல் அப்பள்ளத்தாக்கைக் காக்கும் சட்டத்தில் லிங்கன் கையொப்பமிடுவதற்கு முன் கிழக்கு நகரங்களில் பலர் கண்களை ஈர்த்திருந்தன. வில்லியம் ஹென்றி ஜாக்சன் 1871-இல் எடுத்த படங்கள், 1872-இல் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அமைவதற்குத் துணையாயின. ஆயினும் அந்த 'ஆளில்லாத' நிலங்களிலே செவ்விந்தியப் பழங்குடியினர் காலங்காலமாக வாழ்ந்து வந்தனர். படத்தில் ஆளில்லை என்பதனால் நிலத்திலும் ஆளில்லை என்று உலகம் நம்பியது. நிலக்காட்சிப் படம் செய்யவல்ல நன்மையும் தீங்கும் இவ்வொரு சான்றிலே அடங்கும்.

மக்காவும் நம் சுவர்களும்

எகிப்தியப் படையின் பொறியாளரான முகம்மது சாதிக் பே 1861-இல் மதீனாவையும், 1880-இல் மக்காவையும் படம் பிடித்தார். 1881-இல் வெனிஸ் நகரில் நடந்த புவியியல் மாநாட்டில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பின்னர் டச்சு அறிஞர் ஸ்னூக் ஹர்குரோன்யே 1885-இல் மக்காவில் தங்கிப் படங்கள் எடுத்தார். அவரிடம் அக்கலையைப் பயின்ற மக்கத்து மருத்துவர் அப்துல் கஃப்பாரும் பல படங்கள் எடுத்தார். ஐரோப்பாவில் ஹர்குரோன்யேயின் பெயர் பரவியது. மக்காவின் முதல் நிழற்படக்காரரான அம்மருத்துவரின் பெயர் நெடுங்காலம் வெளியே தெரியாதிருந்தது.

இவ்வகைப் படங்களின் வழிவந்த அச்சுப் படங்கள் கடல் கடந்து நம் ஊர்களுக்கு வந்தன. கரடுமுரடான பாறை மலைகளுக்கு நடுவே, நீரும் நிழலும் அருகிய பள்ளத்தாக்கிலே கஃபா நிற்பதைத் தமிழ் முஸ்லிம் கண்டார். சீறாவின் வயல்வெளி அங்கில்லை. ஏமாற்றம் அடைந்தாரா? இல்லை. அப்படம் வீட்டின் மிக உயர்ந்த இடத்தில் ஏறியது. பாட்டின் மக்காவும் படத்தின் மக்காவும் அவர் உள்ளத்தில் முரண்படாமல் ஒன்றாகக் குடியிருந்தன.

உயிருள்ளவற்றின் உருவங்களைப் பற்றி மார்க்க அறிஞரிடையே நெடிய கருத்து வேற்றுமை உண்டு. ஓவியத் தொழில் புரிந்த ஒருவரிடம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு கூறியதாக ஹதீஸ் நூல்கள் தெரிவிக்கின்றன. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முகம்மது பகீத் அல்முதீஈ, நிழற்படம் என்பது படைத்தலன்று, நிழலைப் பிடித்து நிறுத்துதலே என்று வாதிட்டு அதனை அனுமதித்தார். துணைக்கண்டத்து அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. ஆனால் மலை, கடல், கட்டடம் ஆகியவற்றின் படங்களைப் பற்றி இத்தகைய வழக்கு எழவில்லை. எனவே நம்மவர் இல்லங்கள் பலவற்றில் மனிதர் படம் பெட்டிக்குள்ளும் நிலக்காட்சி சுவரிலும் இருந்தன. ஆளில்லாப் படத்தை நெடுங்காலமாக மதித்துப் போற்றிய குடும்பங்கள் நம்முடையவையே! அப்படியிருந்தும் மக்காவின் மலைக்குக் கிடைத்த மதிப்பு, வாசலுக்கு எதிரே நின்ற நம்மூர் மலைக்குக் கிடைக்கவில்லை.

எல்லையில் நின்ற மலை

திருத்தணி 1911 முதல் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அம்மாநிலத்தின் பகுதியாயிற்று. ம. பொ. சிவஞானம் தலைமையில் நடந்த வடக்கெல்லைப் போராட்டம், பட்டாஸ்கரின் தீர்ப்பு, 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றின் பின், 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது.

1959-இலும் 1961-இலும் ஒரே இடத்தில் நின்று ஒரே காமிராவால் அம்மலையைப் பிடித்திருந்தால் இரு படங்களுக்கும் வேற்றுமை காண இயலாது. ஆனால் தமிழகத்தில் அதனைப் பார்ப்போர்க்கு, முந்தையது இழந்த மலை. பிந்தையது மீண்ட மலை. நகரியிலும் புத்தூரிலும் வாழ்வோர்க்கோ அது ஒரு கோட்டுக்கு அப்பால் போய்விட்ட மலை. நம் பெரியத்தா இரு பக்கமும் கடன் கொடுத்து வணிகம் செய்தவர். தமிழும் தெலுங்கும் உருதும் பேசியவர். 1962-இல் அவர் ஏன் அந்த மலையைப் பிடித்தார் என்பதற்கு இதுவே விடையாக இருக்கலாம் என்று எண்ணுகிறோம். தான் நாள்தோறும் கடந்த வழியில் புதிதாக ஓர் எல்லை விழுந்திருப்பதை, எல்லை தெரியாத ஒரு படத்தால் அவர் குறித்து வைத்தாரோ என்னவோ!

வண்ணமும் திரையும்

அக்காலத்தில் பிலிம் சுருள் வெளிநாட்டிலிருந்து வந்தது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகே 'இந்து' என்னும் உள்நாட்டுச் சுருள் கடைகளுக்கு வந்தது. இன்று அந்த ஆலை இயங்கவில்லை. சுருள் அரிதாக இருந்த நாளில் இயற்கைக் காட்சி வேண்டுமாயின் ஸ்டூடியோவுக்குச் செல்ல வேண்டும். அங்கே திரைச்சீலையில் அருவி, அன்னம் நீந்தும் தடாகம், பனி மூடிய மலை எல்லாம் தீட்டப்பட்டிருக்கும். மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறப் போகிறவர் அத்திரைக்கு முன் நிமிர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். வெளியே உண்மையான மலை வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, உள்ளே துணி மலைக்குக் காசு கொடுத்தோம். நாம் காணாத நிலமே காட்சி. நாம் வாழும் நிலம் காட்சியன்று. இதுவே அன்றைய எண்ணம்.

திரைப்படமும் அவ்வாறே இருந்தது. 1977-இல் பாரதிராஜா இயக்கி, நிவாஸ் ஒளிப்பதிவு செய்த '16 வயதினிலே' வெளிவந்தபோது, படப்பிடிப்பு நிலையத்துக்கு வெளியே உள்ள புழுதியும் வயலும் வைக்கோற்போரும் தாமே பார்க்கத்தக்கவை என்று மக்கள் உணர்ந்தனர். அது வரை 'பட்டிக்காடு' என்று இகழப்பட்டது 'மண்வாசனை' என்று போற்றப்படலாயிற்று.

உலக அளவில் 1968 டிசம்பர் 24-இல் அப்பல்லோ 8 விண்கலத்திலிருந்து வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த படம் மனிதரின் பார்வையைத் திருப்பியது. நிலாவின் சாம்பல் நிற விளிம்புக்கு மேல் நீல உருண்டையாய்ப் பூமி எழுகிறது. எந்த நாட்டின் எல்லையும் அதில் தெரியவில்லை. அதுவும் ஓர் ஆளில்லாப் படமே. ஆயினும், படம் எடுத்தவரும் அவருடைய இரு தோழர்களும் நீங்கலாக, அன்று உயிரோடிருந்த மனிதர் யாவரும் அதனுள்ளே அடங்கினர்.

நம்பிக்கை தளர்ந்த காலம்

படம் பொய் சொல்லாது என்னும் நம்பிக்கை நூறாண்டுக்கு மேல் நிலைத்தது. 1982 பிப்ரவரியில் 'நேஷனல் ஜியாக்ரபிக்' இதழ், தன் அட்டையின் நெடுக்கமைப்புக்குப் பொருந்துமாறு கீஸா பிரமிடுகளைக் கணிப்பொறியால் நெருக்கி வைத்து அச்சிட்டது. செய்தி வெளியானபோது வாசகர் உலகம் அதிர்ந்தது. கல்லாலான பிரமிடையே நகர்த்த இயலுமாயின் வேறெதைத்தான் நம்புவது?

ஆனால் உண்மை என்னவெனில், தொடக்கத்திலிருந்தே காமிராக்காரர் கை வைத்துத்தான் வந்தனர். அன்றைய மருந்துப் பூச்சு நீல ஒளிக்கு மிகுதியாக இணங்கியதால், வானம் வெறும் வெண்மையாகவே பதியும். டிரைப் தம் படங்களின் வானத்திலே தம் கையாலேயே மேகம் தீட்டினார். ஆன்சல் ஆடம்ஸ் 1927-இல் யோசமிட்டியின் பாறை முகட்டைப் பிடித்தபோது, சிவப்பு வடிகண்ணாடி பொருத்தி வானத்தைக் கருமையாக்கினார். தாம் கண்டதையன்று, உணர்ந்ததைப் பதித்ததாக அவர் கருதினார். எனவே மாறியது படக்காரரின் நேர்மையன்று, பார்ப்பவரின் நம்பிக்கை. முன்பு ஏதும் கேளாமல் நம்பினோம். இன்று நல்ல படத்தையும் நம்ப மறுக்கிறோம். கைப்பேசியும் செயற்கை நுண்ணறிவும் இல்லாத மலையையே உண்டாக்கிக் காட்டும் இந்நாளில் அவநம்பிக்கை இயல்பே. எனினும் எல்லாவற்றையும் ஐயுறுபவன் உண்மைச் சான்றையும் இழந்துவிடுவான் என்பதை மறத்தலாகாது.

1975-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் நடந்த ஒரு கண்காட்சி மற்றொரு திருப்பம். அதில் பனிமலையும் அருவியும் இல்லை. தொழிற்கூடங்கள், புதுக் குடியிருப்புகள், வாகன நிறுத்தங்கள் முதலியன இருந்தன. மனிதன் மாற்றிவிட்ட நிலமும் நிலக்காட்சியே என்றனர் அப்படக்காரர். பலர் அன்று முகம் சுளித்தனர். இன்று அவையே பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. 1977 முதல் மார்க் கிளெட்டும் தோழர்களும், நூறாண்டுக்கு முந்தைய நில அளவைப் படங்கள் எடுக்கப்பட்ட அதே இடங்களைத் தேடிச் சென்று மீண்டும் படம் பிடித்தனர். பழைய படம் அழகுப் பொருளாக மட்டுமன்றி அளவுகோலாகவும் ஆயிற்று.

மலை ஓடிப்போகுமா?

அண்மையில் ஒரு நிக்காஹுக்காகத் திருத்தணி சென்றிருந்தபோது, பெரியத்தாவின் படத்தை எடுத்துச் சென்றோம். அவர் நின்ற இடத்தைத் தேடி இரயில் நிலையத்துப் பக்கம் நெடுநேரம் அலைந்தோம். ஏறக்குறைய அந்த இடம் கிடைத்தது. வெட்டவெளி இல்லை; மாடி வீடுகள் இருந்தன. பனைகள் இல்லை. மின்கம்பிகளுக்கு இடையே மலை துண்டு துண்டாகத் தெரிந்தது. மலையைப் படம் பிடிக்க எண்ணிய நாம் ஒரு கடையின் மாடியேறி நிற்க வேண்டியதாயிற்று. கடைக்காரர் பழைய படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "பாய், இதிலே எங்க தாத்தா நிலம் இருக்கு, எனக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுங்க" என்றார். ஆளில்லாப் படத்தில் அவர் தம் பாட்டனாரைக் கண்டுவிட்டார்!

மலை எங்கே ஓடிப்போகிறது என்று பாட்டியார் கேட்டது தவறன்று. மலை நின்றது, அதனைச் சூழ இருந்தவை ஓடிப்போயின. சில இடங்களில் நிலமே போய்விடுகிறது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இரயில் நிலையமும் கடைவீதியும் துறைமுகமும் இருந்த அவ்வூரின் பழைய படங்கள், அன்று யாரும் மதியாத சாதாரணப் படங்கள், இன்று ஓர் ஊர் இருந்தமைக்குச் சான்று. மக்காவில் ஹரம் ஷரீஃபை நோக்கி நின்ற உதுமானியர் காலத்து அஜ்யாத் கோட்டை 2002-இல் இடிக்கப்பட்டது. அது நின்ற குன்றும் சமன் செய்யப்பட்டது. நம் முன்னோர் சுவரில் மாட்டிய பழைய மக்காப் படத்தில் அக்கோட்டையும் குன்றும் இருக்கின்றன. அவர்கள் பக்தியோடு மாட்டியதை நாம் வரலாறாகப் படிக்கிறோம்.

பெரியத்தா மறைந்த பின் அவருடைய பெட்டியைத் திறந்தபோதுதான் அந்த மலைப்படம் மீண்டும் வெளிவந்தது. கூடத்தில் மாட்டலாம் என்றதும் உறவினர் ஒருவர், கோயில் மலையை நம் வீட்டில் மாட்டலாமா என்று தயங்கினார். குடும்பத்தில் மூத்தவரான மாமு, "கோயில் அவங்களுடையது, அதை மதிக்கிறோம். மலை அல்லாஹ் படைச்சது; அதைப் பார்க்கிறோம்" என்று கூறி, தாமே ஆணி அடித்தார். திருமறையின் 88-ஆம் அத்தியாயம் ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் நோக்குமாறு மனிதனை அழைப்பதை அவர் நினைவூட்டினார். அதன்பின் எவரும் பேசவில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்துப் பெட்டிகளிலும் ஆளில்லாப் படங்கள் சில இருக்கக்கூடும். ஓர் ஆற்றங்கரை, ஒரு கடற்கரை, பழைய பள்ளிவாசலின் முகப்பு, காயலிலோ கீழக்கரையிலோ அதிராம்பட்டினத்திலோ ஒரு தெரு. யாரும் இல்லையென்று எறிந்துவிடாதீர்கள். பின்புறத்தில் ஊரின் பெயரையும் ஆண்டையும் எடுத்தவர் பெயரையும் பென்சிலால் எழுதி வையுங்கள். அவற்றை அறிந்த பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பெரியத்தாவின் படத்துக்குப் பின்னே 'திருத்தணி 1962' என்னும் இரண்டே சொற்கள் இருந்தன. அவை இல்லாதிருந்தால் அது ஏதோ ஒரு மலை. நாமும் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம்.